மீன் எண்ணெயிலிருந்து பால்மமாக்கி: நொதியால் ஆவதும் ஆகாததும்

பிஸ்கட் உறையின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ‘எமல்சிஃபையர் (471)’ என்று இருக்கும். எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் பொருள் அது; தமிழில் பால்மமாக்கி. ஐஸ்கிரீம் டப்பாவிலும் பிரெட் உறையிலும் மார்ஜரினிலும் அதே எண்தான். சில ஆண்டுகளாக இந்த எண் இரண்டு விதமாகச் செய்திகளில் அடிபடுகிறது. பிரான்சில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று இதைப் புற்றுநோயோடும் இதயநோயோடும் தொடர்புபடுத்தியது. இன்னொரு பக்கம், இதே வகைப் பொருளை நொதிகளின் துணையோடு மீன் எண்ணெயிலிருந்து செய்யலாம், ஒமேகா-3 சத்தும் கூடவே வரும் என்று உணவுத் தொழில்நுட்ப ஆய்வகங்கள் சொல்கின்றன. இரண்டையும் படித்தவர் இயல்பாகக் கேட்பது இதுதான்: மீன் எண்ணெய் நல்லது, எமல்சிஃபையர் கெட்டது என்றால், மீன் எண்ணெய் எமல்சிஃபையர் எந்தப் பக்கம்?

கேள்வியே சற்றுக் கோணலானது. அதை நேராக்க, கொழுப்பின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பால்மம், பால்மமாக்கி

எண்ணெயும் நீரும் கலக்காது. குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் கொதித்தது போதும் என்று அடுப்பை அணைக்கிறோம். ஆனால் பாலில் கொழுப்பு அப்படிப் பிரிந்து மிதப்பதில்லை. நுண்ணிய துளிகளாக நீருக்குள் சிதறி நிற்கிறது. இப்படி ஒன்றுக்குள் ஒன்று சிதறி நிற்கும் கலவைக்குத் தமிழில் பால்மம் என்று பெயர். அறிவியல் சொல்லாக்கத்தில் இவ்வளவு பொருத்தமாக அமைந்த சொற்கள் குறைவு. துளிகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பொருளே பால்மமாக்கி. அதன் மூலக்கூற்றில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். எனவே அது இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். முட்டை மஞ்சள்கருவில் உள்ள லெசித்தின் இப்படிப்பட்டதுதான்.

சமையல் எண்ணெயோ மீன் எண்ணெயோ, அதில் பெரும்பகுதி டிரைகிளிசரைடு. கிளிசரால் என்ற சிறிய மூலக்கூறு முதுகெலும்புபோல நிற்க, அதன் மூன்று இடங்களில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும். மூன்று இடமும் நிரம்பியிருப்பதால் நீரோடு கைகோக்க அதற்கு வழியில்லை. இரண்டு சங்கிலிகளை எடுத்துவிட்டால் அந்த இரண்டு இடங்களும் நீரை நாடும் முனையாகிவிடும். மிஞ்சிய ஒரு சங்கிலி எண்ணெயை நாடும். இதுதான் மோனோகிளிசரைடு. ஒரு சங்கிலியை மட்டும் எடுத்தால் டைகிளிசரைடு. அது பலவீனமான பால்மமாக்கி. இவ்விரண்டும் கலந்ததே 471 என்ற எண்ணுக்கு உரிய பொருள்.

பால்மமாக்கிகளை நீர்நாட்டம், எண்ணெய்நாட்டம் ஆகியவற்றின் விகிதப்படி ஓர் அளவுகோலில் வைத்து எண்ணிடும் முறையை 1949-இல் கிரிஃபின் என்ற அமெரிக்க வேதியியலாளர் வகுத்தார். எண் கூடக்கூட நீர்நாட்டம் கூடும். மோனோகிளிசரைடு சுமார் 3 முதல் 4 வரையில் நிற்கிறது. அதாவது எண்ணெய்ப் பக்கம் சாய்வு அதிகம். மார்ஜரின்போல எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் நிற்கும் பால்மத்துக்கு அது ஏற்றது. நீர் மிகுந்த பானங்களில் அதற்குத் துணை தேவைப்படும்.

வழக்கமான முறைக்கு மீன் எண்ணெய் ஏன் ஒத்துவராது

தொழிற்சாலைகள் 471-ஐச் செய்யும் முறை மிக எளியது. பாமாயில் போன்ற ஓர் எண்ணெயுடன் கூடுதல் கிளிசராலையும் காரத் தன்மையுள்ள வினையூக்கியையும் சேர்த்து, 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அந்த வெப்பத்தில் சங்கிலிகள் கழன்று, காலியாக உள்ள கிளிசராலில் போய் ஒட்டும். பாதியளவு மோனோகிளிசரைடு உள்ள கலவை கிடைக்கும். தூய்மை அதிகம் வேண்டுமானால் வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து 90 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோவார்கள். மலிவான, பல பத்தாண்டுகளாகத் தேர்ந்த முறை.

இதே கலத்தில் மீன் எண்ணெயை ஊற்றினால் எல்லாம் கெட்டுப்போகும். மீன் எண்ணெயின் மதிப்பே இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 அமிலங்களில்தான் இருக்கிறது. இபிஏவில் 5 இரட்டைப் பிணைப்புகள், டிஎச்ஏவில் 6. அடுத்தடுத்த இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கார்பன்தான் ஆக்சிஜன் முதலில் தாக்கும் இடம். சூரியகாந்தி எண்ணெயின் லினோலெயிக் அமிலத்தில் அத்தகைய இடம் ஒன்றே ஒன்று. இபிஏவில் 4, டிஎச்ஏவில் 5. சாதாரண அறை வெப்பத்திலேயே மீன் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குவது இதனால்தான். 220 டிகிரியில் காரத்தோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் ஆக்சிஜனை முழுவதுமாக விலக்கினாலும் பயனில்லை. சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகும், வளைந்த பிணைப்புகள் டிரான்ஸ் எனப்படும் நிமிர்ந்த வடிவத்துக்குத் திரும்பும். பால்மமாக்கி கிடைக்கலாம், ஒமேகா-3 மிஞ்சாது.

ஆகவே நொதியை நாடுவதற்கு இங்கே உண்மையான காரணம் ‘இயற்கை முறை’ என்ற விளம்பரச் சொல் அல்ல. மீன் எண்ணெய் சூடு தாங்காது, நொதி 40 முதல் 70 டிகிரியிலேயே வேலையை முடிக்கும். அவ்வளவுதான்.

பிரிக்கும் நொதி எப்படிச் சேர்க்கிறது

கொழுப்பைக் கையாளும் நொதிக்கு லைபேஸ் என்று பெயர். நம் கணையம் அதைச் சுரக்கிறது. அரிசித் தவிட்டிலும் அது இருக்கிறது. நெல்லை அரைத்துத் தவிடு பிரிந்த சில மணி நேரத்திலேயே அதிலுள்ள எண்ணெய் கெடத் தொடங்குவதும், தவிட்டு எண்ணெய் ஆலைகள் தவிட்டை உடனே சூடுபடுத்தியாக வேண்டியிருப்பதும் இந்த லைபேஸின் வேலைதான். நீரைப் பயன்படுத்திக் கொழுப்பு அமிலச் சங்கிலியைக் கிளிசராலிலிருந்து வெட்டிவிடும்.

வெட்டுகிற நொதி ஒட்டவும் செய்யுமா? செய்யும். வினையூக்கி எதுவும் வினையின் திசையைத் தீர்மானிப்பதில்லை. வேகத்தை மட்டுமே கூட்டும். நீர் நிறைய இருந்தால் வெட்டும் திசையில் வினை நகரும். நீரை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிளிசராலை வைத்தால், வெட்டிய சங்கிலியை நீருக்குப் பதில் கிளிசராலிடமே ஒப்படைக்கும். இதற்குக் கிளிசராலாற்பகுப்பு என்று பெயர்.

நீரில்லாத இடத்தில் நொதி செயலிழந்துவிடும் என்றே நெடுங்காலம் பரவலாக நம்பப்பட்டது. 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலெக்சி சாக்ஸ், அலெக்சாண்டர் கிலிபனோவ் இருவரும் பன்றிக் கணைய லைபேஸ், ஏறத்தாழ நீரே இல்லாத கரிமக் கரைப்பானில் 100 டிகிரி செல்சியஸிலும் வேலை செய்வதைக் காட்டினார்கள். கொழுப்புத் தொழில் நொதிகளைப் பார்க்கும் பார்வையை மாற்றிய வேலைகளில் அது ஒன்று.

இன்று மீன் எண்ணெய் ஆய்வுகளில் அதிகம் பயன்படுபவற்றில் ஒன்று ‘கேண்டிடா அண்டார்க்டிகா பி’ லைபேஸ். அண்டார்க்டிகாவில் உள்ள வாண்டா ஏரியிலிருந்து கண்டெடுத்த ஈஸ்ட்டின் நொதி அது. பனிக்கண்டத்து நுண்ணுயிரின் நொதி 60 டிகிரி வெப்பத்தைச் சாதாரணமாகத் தாங்குகிறது என்பது விந்தைதான். நொதியை அப்படியே தூவினால் மீட்டெடுக்க முடியாது. எனவே நுண்துளைகள் உள்ள பிசின் மணிகளில் அதை ஒட்டவைத்து விற்கிறார்கள். வினை முடிந்ததும் மணிகளை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். நொதி விலை அதிகம் என்பதால், எத்தனை முறை மறுபடி பயன்படுத்த முடிகிறது என்பதே இந்தத் தொழிலின் இலாப நட்டக் கணக்கு.

வினைக்கலத்துக்குள் நடப்பது

தாளில் கணக்கு அழகாக இருக்கும். ஒரு டிரைகிளிசரைடு மூலக்கூறும் இரண்டு கிளிசரால் மூலக்கூறுகளும் சேர்ந்தால் மூன்று மோனோகிளிசரைடுகள். மீன் எண்ணெயின் மூலக்கூற்று எடை சுமார் 900, கிளிசராலுடையது 92. அப்படியானால் ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 200 கிராம் கிளிசரால் போதும்; வீணே இல்லாமல் 1.2 கிலோ சரக்கு கிடைக்கவேண்டும். கலத்துக்குள் நான்கு தடைகள் நிற்கின்றன.

1. சமநிலை. மோனோகிளிசரைடு சேரச்சேர, அதுவே திரும்பவும் டைகிளிசரைடாகவும் மாறத் தொடங்கும். கரைப்பான் இல்லாமல் செய்தால் பாதியளவிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். இதை மீற ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் அழகான உத்தி கண்டார்கள். மாட்டுக்கொழுப்பு, பாமாயில் போன்றவற்றில் வினை நடக்கும்போதே வெப்பத்தைக் குறைத்தால், உருவாகும் மோனோகிளிசரைடு உறைந்து ஒதுங்கும். ஒதுங்கியது திரும்பி வினைபுரியாது. எனவே வினை முன்னோக்கியே நகரும். விளைச்சல் 70 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் மீன் எண்ணெயின் கோணிய சங்கிலிகள் எளிதில் உறைவதில்லை. பாமாயிலுக்குக் கைகொடுத்த உத்தி, தேவை அதிகமுள்ள இடத்தில் கைவிடுகிறது.

2. எண்ணெயும் கிளிசராலும் கலக்காமை. பால்மமாக்கி செய்யப் போய், முதலில் பால்மப் பிரச்சினையிலேயே மாட்டிக்கொள்கிறோம். ஒட்டும் தன்மையுள்ள கிளிசரால் நொதி மணிகளைப் போர்த்திக்கொண்டு எண்ணெயை அண்டவிடாது. சிலிகா தூளில் கிளிசராலை ஊறவைத்துச் சேர்ப்பது ஒரு வழி, இரண்டையும் கரைக்கும் கரைப்பான் சேர்ப்பது இன்னொரு வழி. தாய்லாந்தின் பிரின்ஸ் ஆஃப் சொங்க்லா பல்கலைக்கழகத்தில் சூரை மீன் எண்ணெயை வைத்து நடந்த ஆய்வில் எம்டிபிஇ என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். 45 டிகிரியில் வினை நடந்தது. எம்டிபிஇ பெட்ரோலில் சேர்க்கும் பொருள் என்றே பெயர்பெற்றது. ஆய்வகத்தில் அது சரி. உணவுத் தொழிற்சாலையில் அதன் எச்சம் அறவே இல்லை என்று காட்டும் சுமை தயாரிப்பாளருடையது. ‘மென்மையான நொதி முறை’ என்று தலைப்பிடும் செய்திகள் கரைப்பானைப் பற்றி வாய்திறப்பதில்லை.

3. நீர். அறவே இல்லாவிட்டால் நொதியின் உருவம் இறுகிப்போய் வேலை நிற்கும். கூடிவிட்டால் சங்கிலிகள் நீரோடு போய்க் கட்டற்ற கொழுப்பு அமிலமாகும், சுவை கெடும். மேலே சொன்ன சூரை எண்ணெய் ஆய்வில் கிளிசராலில் 4 விழுக்காடு நீர் சேர்த்தபோது வினை நன்றாக நடந்தது.

4. டிஎச்ஏவின் முரண்டு. டிஎச்ஏ சங்கிலியின் முதல் இரட்டைப் பிணைப்பு நான்காவது கார்பனிலேயே தொடங்குகிறது. ஒலெயிக் அமிலத்தில் அது ஒன்பதாவதில். நொதி வெட்டவேண்டிய இடத்துக்கு மிக அருகிலேயே சங்கிலி வளைந்துவிடுவதால் பல லைபேஸ்களின் பிடிக்குள் அது சரியாக அமையாது. அவை மற்ற சங்கிலிகளை முதலில் மாற்றிவிட்டு டிஎச்ஏவைக் கடைசிக்கு ஒதுக்குகின்றன. இந்தக் குணத்தையே பயன்படுத்தி, மற்றவற்றை வெட்டி நீக்கி, டிஎச்ஏ செறிந்த எண்ணெய் எடுப்பதும் உண்டு. பால்மமாக்கி செய்ய நினைப்பவருக்கோ இது தலைவலி. வினையைச் சீக்கிரம் நிறுத்தினால் கிடைக்கும் மோனோகிளிசரைடில் மலிவான அமிலங்கள்தான் அதிகம் இருக்கும்; டிஎச்ஏ டிரைகிளிசரைடாகவே தங்கிவிடும்.

வினைக்குப் பிறகு நொதியை வடிகட்டி, மிஞ்சிய கிளிசராலைப் பிரித்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடிக்கவேண்டும். எண்ணெய்ப் படலம் சூட்டைச் சில விநாடிகள் மட்டுமே தொட்டுப்போகும்படி இதற்கான கருவிகள் அமைந்திருக்கின்றன. ஐரோப்பிய விதிப்படி 471 என்ற பெயருக்கு மோனோவும் டையும் சேர்ந்து குறைந்தது 70 விழுக்காடு இருக்கவேண்டும். எனவே முழுத் தூய்மை கட்டாயமில்லை. எட்டமுடியாத இலக்கும் அல்ல.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஒரே எண் என்பதால் ஒரே குணம் என்று நினைத்துவிடக் கூடாது. பிரெட்டில் 471 சேர்ப்பது அது சீக்கிரம் காய்ந்து இறுகாமல் இருக்க. மாவிலுள்ள அமைலோஸ் என்ற மாவுச்சத்து இழை சுருள்போலச் சுருண்டிருக்கும். நேரான, நிறைவுற்ற சங்கிலி அந்தச் சுருளுக்குள் குச்சிபோல நுழைந்து, இழைகள் மறுபடி கெட்டிப்படாமல் காக்கும். ஐந்தாறு இடங்களில் வளைந்த மீன் எண்ணெய்ச் சங்கிலி அங்கே சரியாக நுழையாது. தவிரவும் பிரெட் அடுப்பில் வேகிறது. பேக்கரிக்கு இது உதவாத சரக்கு என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாம்.

ஐஸ்கிரீமில் கதை வேறு. அங்கே பால்மமாக்கியின் வேலை பெயருக்கு நேர்மாறு: கொழுப்புத் துளிகளின் மேல் படிந்திருக்கும் பால் புரதத்தை விலக்கி, கடையும்போது துளிகள் ஓரளவு ஒட்டிக்கொள்ளச் செய்வது. அந்த ஒட்டலே காற்றைப் பிடித்துவைக்கிறது. இந்த விலக்கும் வேலையில் நிறைவுறாத சங்கிலிகள் கெட்டிக்காரர்கள். குளிரில் இருப்பதால் ஆக்சிஜனேற்றமும் மெதுவாக நடக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் தடவல்கள், யோகர்ட் பானங்கள் ஆகியவையும் இந்த வகையில் சேரும். தடை மூக்கில்தான். ஒமேகா-3 சிதையும்போது பிறக்கும் சில ஆல்டிஹைடுகளை நூறு கோடியில் ஒருசில பங்கு இருந்தாலே நாம் கண்டுபிடித்துவிடுவோம். வெனிலா ஐஸ்கிரீமில் கவிச்சி வாடையை யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

இதைவிட வலுவான இன்னொரு பயன் குடலில் இருக்கிறது. கொழுப்பு செரிக்கும்போது கணைய லைபேஸ் டிரைகிளிசரைடின் இரு ஓரச் சங்கிலிகளையும் வெட்டி, நடுச்சங்கிலியை மட்டும் விட்டுவைக்கிறது. அதாவது ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் நம் உடலே மோனோகிளிசரைடு தயாரிக்கிறது. கணைய நொதி குறைவாகச் சுரப்பவர்களுக்கு, வெட்டும் வேலையை வெளியிலேயே முடித்துக் கொடுப்பது ஒமேகா-3 உறிஞ்சப்பட உதவும். மோனோகிளிசரைடு வடிவ ஒமேகா-3 மாத்திரைகள் வெளிநாடுகளில் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. பால்மமாக்கி என்று பேசத் தொடங்கிய பொருள் உண்மையில் காசு பார்ப்பது ஊட்டச்சத்துக் கடையில்தான் என்பது என் கணிப்பு.

பிரெஞ்சு ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

நியூட்ரிநெட்-சாந்தே என்ற பிரெஞ்சு ஆய்வு, பெரியவர்கள் உண்பதைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து வருகிறது. 2024 பிப்ரவரியில் சுமார் 92,000 பேரின் தரவுகளைக் கொண்டு வந்த கட்டுரையில், இ471-ஐ (471-இன் ஐரோப்பிய எழுத்துமுறை) அதிகம் உட்கொண்டவர்களிடம் மொத்தப் புற்றுநோய் 15 விழுக்காடும், மார்பகப் புற்றுநோய் 24 விழுக்காடும், புராஸ்டேட் புற்றுநோய் 46 விழுக்காடும் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இதயநோய் பற்றிய கட்டுரை வந்தது. இவை கவனித்துப் பார்த்த ஆய்வுகள். ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் சோதித்தவை அல்ல. 471 அதிகம் உண்பவர் பிஸ்கட்டும் கேக்கும் பொட்டலத் தின்பண்டமும் அதிகம் உண்பவர். கணக்கில் திருத்தம் செய்தாலும் இரண்டையும் முழுவதும் பிரிக்க முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் இதை மறுஆய்வு செய்து, உச்சவரம்பு எண் எதுவும் தேவையில்லை என்றது; ஆனால் அதில் கலந்துவரக்கூடிய மாசுகளுக்கான வரம்புகளை இறுக்கச் சொன்னது. அவற்றில் கிளிசிடைல் எஸ்டர்களும் அடக்கம். அவை எண்ணெயை 200 டிகிரிக்கு மேல் சூடாக்குவதால் பிறப்பவை.

இந்த இடத்தில் நொதி முறைக்குப் புள்ளி கிடைக்கிறது: குறைந்த சூட்டில் அவை புதிதாகப் பிறப்பதில்லை. ஆனால் மூல எண்ணெயின் வாடையை நீக்க முன்பே கடும் சூடு கொடுத்திருந்தால், நொதி அதைக் கழுவிவிடாது.

மீன் எண்ணெய்க்கே உரிய ஆபத்து வேறு: கெட்டுப்போதல். 2017-இல் ஏற்கப்பட்ட கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி மீன் எண்ணெயின் பெராக்சைடு அளவு (எண்ணெய் எவ்வளவு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண்) கிலோவுக்கு 5 மில்லிசமானத்தைத் தாண்டக் கூடாது. தயாரிப்பின் ஒவ்வொரு கட்டமும் அந்த எண்ணை உயர்த்தப் பார்க்கும். நைட்ரஜன் போர்வையும் டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) போன்ற காப்புப்பொருளும் இல்லாமல் இதில் இறங்குவது வீண்.

எவ்வளவு மீன், எவ்வளவு விலை

உலகம் ஆண்டுக்கு எடுக்கும் மீன் எண்ணெய் ஏறத்தாழ 10 முதல் 12 லட்சம் டன். பாமாயிலோ 7 கோடி டன்னுக்கும் மேல். மீன் எண்ணெயில் பெரும்பகுதி வளர்ப்பு மீன்களுக்கே தீவனமாகப் போய்விடுகிறது. 2023-இல் பசிபிக் கடல்நீரைச் சூடாக்கும் எல் நினோவாலும், வலையில் குஞ்சு மீன்களே மிகுதியாகச் சிக்கியதாலும், பெரு நாடு தன் நெத்திலி மீன்பிடிப்பின் முதல் பருவத்தை ரத்துசெய்தது. உலகச் சந்தையில் மீன் எண்ணெய் விலை இதுவரை காணாத உயரத்துக்குப் போனது. அப்படிப்பட்ட பொருளைப் பாமாயிலுக்கு மாற்றாகப் பேசுவதில் அர்த்தமில்லை.

அர்த்தமுள்ள இடம் கழிவு. தாய்லாந்தின் டப்பா மீன் ஆலைகளில் சூரை மீனின் தலை மிஞ்சுகிறது. அதன் எண்ணெயில் டிஎச்ஏ மட்டுமே கால் பங்கை நெருங்கும். தாய்லாந்து ஆய்வாளர்கள் சூரை எண்ணெயை எடுத்துக்கொண்டது இதனால்தான். நம் மேற்குக் கரையில் மத்தி மீன் எண்ணெய் நெடுங்காலமாக எடுக்கப்படுகிறது. மத்தி வரத்து ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது மீனவர்களுக்குத் தெரிந்ததே. அதை நம்பி விலையுயர்ந்த நொதிக் கலத்தை நிறுவுபவர், மீன் வராத ஆண்டுக்கும் கணக்கு வைத்திருக்கவேண்டும்.

பச்சைப் புள்ளியா, பழுப்பு முக்கோணமா

471 என்ற எண் மூலத்தைச் சொல்வதில்லை. பாமாயிலில் செய்தாலும் மாட்டுக்கொழுப்பில் செய்தாலும் பன்றிக்கொழுப்பில் செய்தாலும் எண் ஒன்றே. முஸ்லிம் நுகர்வோரின் ஐயம் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பைப் பற்றியது. மீன் எண்ணெய் அந்த ஐயத்தைத் தீர்க்கும். சைவ உணவுக்காரருக்கோ புதிய ஐயத்தைக் கிளப்பும். இந்திய விதிகளின்படி நன்னீரிலோ கடலிலோ வாழும் விலங்கிலிருந்து வந்த எதுவும் அசைவமே. ஒரு துளி சேர்ந்தாலும் உறையில் பழுப்பு முக்கோணம் வரவேண்டும். 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், 631 என்ற சுவையூட்டி தொடர்பான வழக்கில், சேர்க்கை எண்ணை மட்டும் எழுதுவது போதாது, அது தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் செய்ததா என்பதையும் தெரிவிக்கவேண்டும், அளவு எவ்வளவு சிறிதானாலும் விலக்கில்லை என்று கூறியது. மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கையும் கூடவே வரும்.

இதனால் ஒரு வேடிக்கையான நிலை ஏற்படுகிறது. வழக்கமான 471-ஐச் சேர்ப்பவர் அதை உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கிறார். மீன் எண்ணெயில் செய்ததைச் சேர்ப்பவருக்கு ஒளிக்க வழியில்லை. விலையும் கூடுதல், முக்கோணமும் கட்டாயம் என்றால், அதை அவர் முன்பக்கத்தில் ‘ஒமேகா-3 சேர்ந்தது’ என்று கொட்டை எழுத்தில் போட்டே விற்றாகவேண்டும். அப்படி ஓர் உறை கைக்கு வந்தால் கேட்கவேண்டியவை இரண்டு: ஒரு பங்கு உணவில் இபிஏவும் டிஎச்ஏவும் எத்தனை மில்லிகிராம், காலாவதித் தேதி வரை அது கெடாமல் இருப்பதை எப்படிச் சோதித்தார்கள். எண்ணைச் சொல்லாமல் மீன் படம் மட்டும் போட்டிருந்தால், சேர்த்தது பால்மமாக்கிக்காக இல்லை, படத்துக்காக.